பறவையைப் பாடம் செய்தல்: கார்ல் ஏக்லியின் வழியும் ஓர் ஊர்க்கோழியும்

கண்டி தலதா மாளிகைக்குச் சென்றவர்கள், 1988இல் இறந்த ராஜா என்னும் கொம்பன் யானை பாடம் செய்யப்பட்டு நிற்பதைக் கண்டிருப்பார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர், 1885இல், கனடாவில் ரயில் மோதி இறந்த ஜம்போ என்ற சர்க்கஸ் யானையைப் பாடம் செய்தவர்களுள் ஒருவர், அப்போது இருபத்தொரு வயதே நிரம்பிய கார்ல் ஏக்லி. யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு ஒரு பறவையின் தோலை ஆய்வு மாதிரியாகப் பதப்படுத்துவது எவ்வாறு என்பதை இங்கே விளக்குகிறேன். ஏக்லியின் வாழ்க்கையை அந்த வேலைக்குப் பயன்படும் அளவிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எந்தப் பறவை என்பதைத் தீர்மானிக்க வேண்டும். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நமது காட்டுப் பறவைகளுள் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கிறது. ஆகவே கடனீரேரிக் கரையில் இறந்து கிடக்கும் பூநாரையைக்கூட வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி வீட்டுக்கு எடுத்துவரலாகாது. புறாவின் தோல் மெல்லியது. தொட்டாலே இறகு கொட்டும். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இறந்த, கொண்டை சிறிதான இளம் ஊர்க்கோழிப் பேடே பழகுவதற்கு ஏற்றது. நோயுற்று இறந்த பறவையைத் தொடவே வேண்டாம். எந்தப் பறவையானாலும் கையுறையும் முகக்கவசமும் அவசியம். நமது வெயிலில் சில மணி நேரத்திலேயே வயிற்றுத் தோல் பச்சை பூத்து இறகு கழன்றுவிடுமாதலால், உடனே வேலை தொடங்க முடியாவிட்டால் கோழியைப் பொலித்தீன் பையிலிட்டு உறைகுளிர்ப் பெட்டியில் வைக்க வேண்டும்.

ஏக்லி 1864இல் நியூயோர்க் மாநிலத்தின் கிளாரெண்டனில் பிறந்தவர். ரொச்செஸ்டர் நகரிலிருந்த வார்ட் என்பவரின் நிறுவனத்தில் அவர் தொழில் பழகிய காலத்தில், விலங்குத் தோலைத் தைத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, இனி இடமில்லை என்னும்வரை வைக்கோலைத் திணிப்பதே வழக்கமாக இருந்தது. அப்படிச் செய்த மான் மூட்டையாகத் தெரிந்ததே தவிர மானாகத் தெரியவில்லை. பின்னர் மில்வோக்கியிலும் சிக்காகோவிலும் பணியாற்றியபோது, விலங்கின் எலும்புகளை ஆதாரமாக வைத்து, தசையும் நரம்பும் புடைத்திருக்கும் விதத்தைக் களிமண்ணில் வடித்து, அதிலிருந்து அச்செடுத்துப் பாரமற்ற உருவம் செய்து, தோலை அதன்மேல் பொருத்தும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். நமது கோழிக்குக் களிமண் தேவையில்லை. ஆனால் அந்த முறைக்கு அடிப்படையாக இருந்த பழக்கம் நமக்கும் தேவை: கத்தி வைப்பதற்கு முன் அளப்பது. 1921இல் கொங்கோவின் மிக்கேனோ மலையில் கொரில்லாக்களைச் சேகரித்தபோது, அவற்றின் முகங்களைச் சாந்தில் அச்செடுத்து வைத்ததும் இதே காரணத்தினாலேதான்.

எனவே, கோழியை நிறுத்து எடையைக் குறியுங்கள். அலகு, மடித்த சிறகு, வால், கணைக்கால் ஆகியவற்றின் நீளத்தை மில்லிமீற்றரில் எழுதுங்கள். கண்மணியைச் சுற்றியுள்ள வளையத்தின் நிறம், கால், அலகு, முகத்தோல் ஆகியவற்றின் நிறம் காய்ந்ததும் மாறிவிடும். அவற்றை அப்போதே எழுதாவிட்டால் பிறகு ஒருவராலும் மீட்க முடியாது. என் கருத்தில், தொடங்குபவர்கள் மிகுதியும் கோட்டைவிடும் இடம் தையலன்று, இதுதான்.

வாயிலும் கழிவாயிலும் பஞ்சு அடைத்து, கோழியை மல்லாக்கக் கிடத்துங்கள். நெஞ்சின்மீது மெல்ல ஊதினால் இறகுகள் இருபுறமும் விலகி, நடுவே இறகில்லாத ஒரு கீற்றுத் தெரியும். நெஞ்செலும்பின் நடுவிலிருந்து கழிவாய்க்குச் சற்று முன்வரை, தோலை மட்டும் கீறுங்கள். வயிற்றுச் சவ்வு கிழிந்தால் குடல்நீர் இறகில் படியும். கசியும் ஈரத்தின்மேல் சோளமாவைத் தூவியபடி, தோலைக் கத்தியால் வெட்டாமல் விரல் நகத்தால் தள்ளிப் பிரிக்க வேண்டும். முழங்காலில் மூட்டை அறுத்து, கீழ்க்காலெலும்பைத் தோலோடு விடுங்கள். வாலின் அடியெலும்பும் தோலோடு இருக்கட்டும். தோள்மூட்டில் சிறகுகளை அறுத்தபின், சட்டையைத் தலைவழியே கழற்றுவதுபோலத் தோலைக் கழுத்துக்கு மேலாக உருட்டலாம்.

தலைதான் கடினம். காதுக்குழியில் உள்ள மெல்லிய தோற்பையைச் சாவணத்தால் பிடித்து முழுதாக வெளியே இழுங்கள். கண்ணைச் சுற்றியுள்ள சவ்வை மண்டையோட்டை ஒட்டி அறுக்க வேண்டும். இமை கிழிந்தால் அந்த முகத்தைச் சீர்செய்வது அரிது. மண்டையின் பின்னடியை வெட்டி மூளையையும், பின்னர் கண்களையும் நாக்கையும் அகற்றுங்கள். உடலைத் தூக்கிப் போடுமுன் அதைத் திறந்து, இடப்பக்கத்தில் சூலகம் இருக்கிறதா என்று பாருங்கள். இறகை மட்டும் பார்த்து ஆணா பெண்ணா என்று பால் எழுதுவது போதாது.

தோலின் உட்புறத்திலுள்ள கொழுப்பைச் சுரண்டி, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்த குளிர்நீரில் அலசி, மின்விசிறியின்கீழ் இறகைக் கோதிக் கோதிக் காயவையுங்கள். கொழுப்பு எஞ்சினால் பிற்பாடு மஞ்சளாகக் கசியும். ஈரம் சற்று இருக்கையிலேயே உட்புறம் முழுவதும் வெங்காரத் தூளைத் தேய்க்க வேண்டும். கண்குழிகளைப் பஞ்சால் நிரப்பி, மூங்கிற் குச்சியொன்றில் உடலின் அளவுக்குப் பஞ்சைச் சுற்றி, அதன் முனையை மண்டையோட்டில் ஊன்றித் தோலைத் திருப்புங்கள். பஞ்சு குறைவாக இருப்பது பரவாயில்லை. மிஞ்சினால் வைக்கோல் மான்தான். வெட்டைத் தைத்து, சிறகுகளை மடித்து, கால்களைக் குறுக்கே கட்டி, மெல்லிய துணியால் தளரச் சுற்றி நிழலில் உலர்த்துங்கள். தை முதல் புரட்டாதி வரை இரு வாரங்களளவில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்கு மேலும் செல்லும், பூஞ்சணமும் பிடிக்கும். எறும்பு ஏறாதிருக்க மேசைக்கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்தலாம்.

காலில் கட்டும் அட்டையில் இடம், திகதி, பால், எடை, நிறங்கள், செய்தவரின் பெயர் ஆகியவற்றைக் கரையாத மையால் எழுதுங்கள். 1967இல் டெரெக் ராட்கிளிஃப் என்ற பிரித்தானிய ஆய்வாளர், சேகரிப்புகளிலிருந்த பழைய வல்லூறு முட்டைகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்திருப்பதைக் காட்டினார். டி.டி.ரி. (DDT) என்னும் பூச்சிகொல்லியின் தீங்கு வெளிப்பட அது உதவியது. முட்டைகளோடு திகதி எழுதி வைக்கப்படாதிருந்தால் அந்த ஒப்பீடே நடந்திராது.

முடிந்த மாதிரியைக் காற்றுப்புகாப் பெட்டியில் இடுமுன் உறைகுளிர்ப் பெட்டியில் இரு வாரம் வைத்தால், தோலையும் இறகையும் அரிக்கும் வண்டும் அதன் புழுவும் மடியும். பாடசாலை ஆய்வுகூட அலுமாரிகளில் பழைய பாடம் செய்த பறவைகள் இருப்பின், அவற்றை வெறுங்கையால் துடைக்க வேண்டாம். வார்ட் நிறுவனத்தில் ஏக்லி கையாண்டதைப் போன்ற ஆர்சனிக் மருந்து அவற்றின் தோலிலும் பூசப்பட்டிருக்கக்கூடும்.