ஐ.எச்.சி. ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது

பாளையங்கோட்டையில் ஒரு லேபில் சதையைச் சீவி, சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. போன ஐப்பசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து மைனி தன் மார்பகக் கட்டியின் ஐ.எச்.சி. ரிப்போர்ட்டை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். "ரெண்டுல பாசிட்டிவ்னு போட்டிருக்காவ தம்பி, முத்திப்போச்சோ?"

முத்தவில்லை. புற்றுநோய் என்று சொல்லியாகிவிட்டது பயாப்சியில். ஐ.எச்.சி. (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி) என்ற சாயச் சோதனை பார்ப்பது, அந்தச் செல்லில் எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது, எந்த மருந்து கேட்கும் என்பதை.

முதலில் ஈ.ஆர்., பி.ஆர். வரிகளைப் பாருங்கள். இவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பிடிக்கும் புரதங்கள். புரதம் இருக்கும் இடம் சாயத்தில் பழுப்பாகும். நல்ல மார்பகத்திலும் பால் நாளங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கரு பழுப்பாகும், மற்றவை நீலம்தான். மைனியின் கட்டியில் 100 செல்லில் 90 பழுப்பு. 1 இருந்தாலே பாசிட்டிவ். ஈ.ஆர். 1 முதல் 10 வரை என்றால் குறைந்த பாசிட்டிவ். பாசிட்டிவ் என்றால் டமாக்சிஃபென் மாதிரி ஹார்மோன் மாத்திரைக்கு வழி இருக்கிறது.

அந்த நல்ல நாளம்தான் எங்களுக்கு அளவுகோல். ஒருமுறை ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை எடுத்த கட்டி, திங்கட்கிழமை சலைன் பாட்டிலில் வந்து சேர்ந்தது. ஈ.ஆர். நெகட்டிவ். ஆனால் பக்கத்திலிருந்த நல்ல நாளத்திலும் ஒரு பொட்டு பழுப்பு இல்லை! கெட்டுப்போனது சதை, அந்த நெகட்டிவ்வை எப்படி நம்புவது? மறுபடி பயாப்சி எடுக்கச் சொன்னோம். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 10% ஃபார்மலினில் போட வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். பாட்டிலை உங்கள் கையில் கொடுத்து பஸ் ஏற்றினால், "ஃபார்மலின்தானா?" என்று கூசாமல் கேளுங்கள்.

அப்புறம் ஹெர்2. இது செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் புரதம். நல்ல செல்லிலும் கொஞ்சம் உண்டு. சில புற்றுநோய்களில் இதன் மரபணு பல நகலாகப் பெருகி, சவ்வு முழுக்கப் புரதம் அப்பிவிடும். கண்ணாடித் தகட்டில் கோழிக்கூட்டு வலை மாதிரி தெரியும். அதுதான் 3+, பாசிட்டிவ். 0, 1+ நெகட்டிவ். 2+ இரண்டும்கெட்டான்; அது வந்தால் யார் என்ன சொன்னாலும், அந்த மரபணு நகல்களை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள். மைனிக்கு 2+ தான். ஃபிஷ்ஷில் நெகட்டிவ் என்று வந்தது. ஹெர்2 வரியில் வெறும் நெகட்டிவ் என்று மட்டும் எழுதியிருந்தால், 0, 1+, 2+ இவற்றில் எது என்பதையும் கேட்டு வாங்குங்கள். நோய் பரவிய சிலருக்கு 1+ ஆக இருந்தாலும் கொடுக்கும் மருந்து இப்போது உண்டு.

கேஐ-67, பிரிந்து பெருகும் செல்லில் இருக்கும் புரதம். 100 செல்லில் 5க்குக் கீழே குறைவு, 30க்கு மேலே அதிகம். இடைப்பட்ட எண் லேபுக்கு லேப் மாறும். எதிர்வீட்டு அக்காவின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிகிச்சைக்கு வேறு ஊர் போவதானால் காகிதம் மட்டும் போதாது, உங்கள் சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். மைனி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பிரிட்ஜுல வைக்கணுமா?"

"வேண்டாம் மைனி. வெயில் படாம பீரோவுல வைங்க."