வேலை விஷயமாக வேலூர் வருகிறவர்கள் ஊர் சுற்றும்போது செய்கிற தவறுகள்

டேனரியில் தோல் பார்க்க வருகிறவர், ஷூ கம்பெனிக்கு ஆடிட் செய்ய வருகிறவர், ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் மெஷின் ரிப்பேருக்கு வருகிறவர், விஐடி பல்கலைக்கழகத்தில் இன்டர்வியூ எடுக்க வருகிறவர் என்று வருஷம் முழுக்க இந்தப் பக்கம் ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வேலை மூன்று மணிக்கே முடிந்துவிடும், ரயில் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான். இடையில் உள்ள நேரத்தில் செலவில்லாமல் எதைப் பார்க்கலாம் என்று கேட்பார்கள். பார்க்க நிறைய இருக்கிறது. கோட்டைக்கு டிக்கெட் கிடையாது, கோயில்களில் பொது தரிசனத்துக்குக் காசு கிடையாது. ஆனால் காசு கேட்காத இடமெல்லாம் நேரம் கேட்கும். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

பொதுவாக நடப்பது, வேலை முடிந்த கையோடு லேப்டாப் பையையும் தோளில் போட்டுக்கொண்டு நேரே ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு ஆட்டோ பிடிப்பது. 2007 ஆகஸ்டில் திறந்த கோயில், சுமார் 1500 கிலோ தங்கம் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள், அதனால் முதலில் அதுதான் ஞாபகம் வரும். கோயில் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அது இருக்கிற திருமலைக்கோடி வேலூர் டவுனிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி. உள்ளே போனால் நட்சத்திர வடிவத்தில் வளைத்து வளைத்துப் போட்ட பாதை, அதுவே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல், குறுக்கே நழுவி வெளியே வந்துவிட வழியில்லை. செல்போன், கேமரா எதுவும் உள்ளே விடமாட்டார்கள், அரைக்கால் சட்டைக்கும் அனுமதியில்லை. ஆபீஸ் லேப்டாப்பைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு மனசெல்லாம் அங்கேயே இருக்க, என்ன தரிசனம் செய்வது? ஸ்ரீபுரம்தான் வேண்டும் என்றால் பையை லாட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள், போக வர முழுசாக மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். இன்னொன்று, டிக்கெட் வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள் என்று நினைத்து நேராகக் கட்டண வரிசையில் நிற்கிறவர்கள் உண்டு. இலவச வரிசையும் இருக்கிறது, கேட்டுவிட்டு நில்லுங்கள்.

இருப்பது இரண்டு மணி நேரம்தான் என்றால் கோட்டைக்கு வாருங்கள், பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் கோட்டையைப் பார்க்கிற விதத்திலும் தப்பு நடக்கிறது. அகழி ஓரமாக நின்று ஒரு செல்ஃபி, வாசல் வழியாக உள்ளே போய் ஒரு எட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு வெளியே டீ. 133 ஏக்கர் கோட்டை இது. பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு அடங்கிய சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்தது, பிறகு பீஜப்பூர்க்காரர்கள், மராட்டியர்கள், ஆற்காடு நவாபுகள், கடைசியாகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் என்று கை மாறிக்கொண்டே வந்தது. ஒரே மதிலுக்குள் கோயில், மசூதி, சர்ச் மூன்றும் இருக்கின்றன.

ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்ததும் நேராக சன்னதிக்கு ஓடாதீர்கள். இடது கைப் பக்கம் கல்யாண மண்டபம் இருக்கிறது, அங்கே அரை மணி நேரம் உட்காரலாம். யாளியும் குதிரை வீரனுமாகத் தூண்கள். மேலே அண்ணாந்து பார்த்தால் தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்குகிற கிளிகள், எல்லாம் கல். இந்த மண்டபத்தையே வெள்ளைக்காரர்கள் பிரித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள், ஏற்ற வந்த கப்பல் மூழ்கிவிட்டதால் தப்பித்தது என்று ஊரில் சொல்வார்கள். கதையோ நிஜமோ, பார்த்தால் வெள்ளைக்காரன் ஆசைப்பட்டிருப்பான் என்றுதான் தோன்றும். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். இதில் கோயில் விஷயம் 1981-லேயே சரியாகிவிட்டது, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆறு, அதாவது பாலாறு, 2021 நவம்பரில் கரையை முட்டிக்கொண்டு ஓடியது. கோட்டைக்குத்தான் இன்னும் ராஜா வரவில்லை.

1806 தெரியாமல் கோட்டையைச் சுற்றுவது இன்னொரு தவறு. அந்த வருஷம் ஜூலை 10 விடிவதற்கு முன் இங்கேதான் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள், 1857-க்கு அரை நூற்றாண்டு முன்பே. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்ற உத்தரவுதான் உடனடிக் காரணம். தோல் பிசினஸுக்காக வந்தவர்கள் இதைக் கவனிக்கலாம்! 1799-ல் திப்பு சுல்தான் இறந்த பிறகு அவர் குடும்பத்தையும் இந்தக் கோட்டையில்தான் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து சேர்ந்து, அன்றைக்கே கோட்டையைத் திரும்பப் பிடித்து, கண்டவர்களை எல்லாம் சுட்டுத் தள்ளினார்கள். இதன் நினைவுத் தூண் வெளியே மக்கான் சந்திப்பில் நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அதை சிக்னல் கம்பம் மாதிரி தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்புறம் கிழமை, நேரம். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குச் சின்னக் கட்டணம்தான், ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறை. வாரக் கடைசியில் வேலை முடித்துக் கிளம்புகிறவர்கள் சரியாக வெள்ளிக்கிழமைதான் வந்து பூட்டைப் பார்ப்பார்கள். கோயில் மதியம் நடை சாத்தியிருக்கும். ஒரு மணி மீட்டிங் தள்ளிப்போனது என்று அந்த இடைவெளியில் ஓடி வந்தால் மண்டபமும் கிடைக்காது, சாமியும் கிடைக்காது. அப்படியே திறந்திருந்தாலும் சித்திரை வைகாசியில் மத்தியான வேளைக்கு வெறுங்காலோடு அந்தக் கருங்கல் தரையில் நடந்து பாருங்கள், வெயிலூர் என்று ஏன் கேலி செய்கிறார்கள் என்று கால் சொல்லும். காலை எட்டுக்கு முன்னால், இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல். மாலையில் ஊர்க்காரர்களே நடக்க வருவார்கள், காற்றும் இருக்கும்.

முத்து மண்டபத்தைத் தவறவிடுவது எனக்குப் புரியாத ஒன்று. பாலாற்றங்கரையில் இருக்கிறது, கோட்டையிலிருந்து அதிக தூரமில்லை. கண்டி ராஜ்யத்தின் கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை 1815-ல் வெள்ளைக்காரர்கள் பிடித்து வேலூருக்கு நாடு கடத்தினார்கள், 1832-ல் இங்கேயே இறந்தார், அவருடைய சமாதிதான் அது. பெரிய கட்டடமெல்லாம் இல்லை, பத்து நிமிஷம் போதும். இலங்கையின் கடைசி ராஜா பாலாற்றங்கரையில் கிடக்கிறார் என்ற விஷயமே உள்ளூரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்கிற இடமாக நினைத்து உள்ளே போகாதீர்கள். ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது இவ்வளவு பெரிதாகியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அது ஆஸ்பத்திரி, உள்ளே போய் போட்டோ எடுக்கிறது நன்றாக இல்லை. எதிர்ப்பக்கத் தெருக்களில் நடங்கள், அது போதும். வங்காள எழுத்தில் போர்டு, மீன் குழம்பு மீல்ஸ், இந்தியில் பேரம் பேசுகிற நம்மூர்க் காய்கறிக்காரம்மா என்று அது தனி உலகம். சும்மா நடப்பதற்குக் காசு இல்லை. ஆனால் அங்கேயே ரூம் போடாதீர்கள். மாதக்கணக்கில் நோயாளியோடு தங்குகிறவர்களுக்கான இடம் அது, அவர்களுக்கே ரூம் கிடைக்காமல் அலைகிறார்கள்.

வேலை ராணிப்பேட்டையில் என்றால் வேலூர் வரைக்கும் வந்து டிராஃபிக்கில் மாட்டிக்கொள்வதே தவறு. பாலாற்றைத் தாண்டினால் ஆற்காடு, அங்கே டெல்லி கேட். 1751-ல் ராபர்ட் கிளைவ் 50 நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்த கோட்டையில் இன்று மிச்சம் இந்த வாசல்தான். கோட்டை இருக்கும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம், வாசலைப் பார்க்கப் போனால் திருப்தி. வரும்போது மக்கன் பேடா வாங்குங்கள், இலவசம் இல்லை, பரவாயில்லை. சென்னைக்குத் திரும்ப வாலாஜா ரோட்டில் ரயில் ஏறுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளலாம்: தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி இங்கேதான் வந்து நின்றது.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் காரில் போகிறவர்கள் பெங்களூர் ஹைவேயில் கண்ணை மூடிக்கொண்டு பறப்பார்கள். விரிஞ்சிபுரத்தில் இறங்குங்கள். மதிலழகுக்குப் பேர் போன ஊர், மார்க்கபந்தீஸ்வரர் கோயில். உள்ளே அரைவட்டமாக ஒரு கல்லில் எண்கள் வெட்டியிருக்கும், பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் மணி காட்டும். வெயில் இருக்கிற நேரத்தில் போக வேண்டிய ஒரே இடம் இதுதான். ஆனால் மதிய நடை சாத்தலைக் கணக்கில் வைத்து, காலையில் போகும்போதே பார்த்துவிடுவது நல்லது.

போக்குவரத்தில் பணத்தைக் கோட்டை விடுவதுதான் பெரிய வேடிக்கை. இலவசமாகப் பார்க்கிற இடத்துக்குக் கேட்ட காசைக் கொடுத்து ஆட்டோவில் போவது! காட்பாடி ஸ்டேஷன் எதிரே பாகாயம் போகிற டவுன் பஸ் அடிக்கடி வரும், ஊருக்குள் நுழைந்து கோட்டைப் பக்கம்தான் போகும். பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது, ஆனால் எல்லா பஸ்ஸுக்கும் என்று நினைத்து எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு கண்டக்டரோடு வாதாடாதீர்கள். பெரும்பாலான ரயில்கள் நிற்பது காட்பாடியில்தான். டிக்கெட்டில் வேலூர் கன்டோன்மென்ட் என்று போட்டிருந்தால் அது வேறு ஸ்டேஷன், ஊருக்குள் இருக்கிறது, விழுப்புரம் லைன். எதுவாக இருந்தாலும் சாயங்காலம் காட்பாடி ரோடு நெரிசலுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்புங்கள், ஏழு கிலோமீட்டர்தானே என்று கோட்டையில் உட்கார்ந்திருந்து ரயிலை விட்டவர்கள் இந்த ஊரில் ஏராளம்.