தன்னார்வப் பணியின் வழியே தொழிலில் முன்னேறுவது எப்படி?

அடுத்த பதவிக்குத் தேவைப்பட்டும் இன்னும் கைவராத திறன் எது என்பதை முதலில் கண்டறியுங்கள். கணக்காளர் ஒருவர் குழுவை வழிநடத்தப் பழக விரும்பினால், தொண்டு நிறுவனத்திலும் கணக்கே எழுதிக்கொண்டிருப்பதைவிட, நிதி திரட்டும் நிகழ்ச்சியின் ஒருங்கிணைப்புப் பொறுப்பைக் கேட்டுப் பெறுவதே பயன் தரும். பொறுப்பு, வாராந்திர நேரம், முடியும் நாள் ஆகியவற்றை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏற்ற பணியைப் பாதியில் கைவிட்டால், அந்த அமைப்பை நம்பியிருப்போரே முதலில் பாதிக்கப்படுவார்கள் என்பதால் இயன்ற அளவுக்கே வாக்குறுதி கொடுங்கள். நேரில் செல்ல இயலாதவர்களுக்கு, 1970இல் தொடங்கப்பட்ட ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டத்தில் இணையவழிப் பணிகளும் உண்டு.

தன்விவரக் குறிப்பில் இதைப் பொழுதுபோக்குகளோடு சேர்க்காமல், பணி அனுபவத்தின் கீழ், செய்த வேலையும் விளைந்த பலனும் தெரியுமாறு எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்தைப் பணி முடிந்த உடனேயே கேளுங்கள். உங்கள் உழைப்பை அமைப்பினர் மறவாதிருக்கும்போதுதான் அதில் குறிப்பான விவரங்கள் இடம்பெறும்.