பிள்ளைகளோடு ஜப்பான்: கொழும்பிலிருந்து திட்டமிடுவோருக்கு

பத்து நாளில் எத்தனை ஊர் பார்க்கலாம் என்று கணக்குப் போடாமல், எத்தனை தடவை பெட்டி கட்ட வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். டோக்கியோ, ஃபுஜி, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா என்று இரண்டு நாளுக்கொரு ஹோட்டல் மாறும் திட்டம் பெரியவர்களுக்கே கஷ்டம். ஐந்து வயதுப் பிள்ளை மூன்றாம் நாளே சிணுங்கத் தொடங்கிவிடும். இரண்டு தங்குமிடம் போதும்: டோக்கியோவில் ஐந்து இரவு, ஒசாகாவில் நான்கு இரவு. ஒசாகாவிலிருந்து கியோட்டோ ரயிலில் அரை மணித்தியாலம், நாரா ஒரு மணித்தியாலத்துக்குள். டோக்கியோவிலிருந்து கமாகுரா ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். காலையில் போய் மாலையில் அதே கட்டிலுக்குத் திரும்பலாம்.

எப்போது போவது

நமது பள்ளி விடுமுறைகள் மூன்றிலும் ஜப்பானில் ஏதாவதொரு சிக்கல் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு போனால் டோக்கியோவிலும் கியோட்டோவிலும் செர்ரிப் பூ பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். அங்கே மார்ச் கடைசியும் ஏப்ரல் முதல் வாரமும்தான் பூக்காலம். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை 'கோல்டன் வீக்' விடுமுறை. நாடு முழுவதும் பயணத்தில் இருக்கும், அதற்கு முன் திரும்பிவிடுங்கள். ஓகஸ்டில் வெயில் 35 பாகையைத் தொடும். கொழும்பு வெக்கைக்குப் பழகியவர்கள்தானே என்று நினைக்க வேண்டாம். நாளெல்லாம் நடக்க வேண்டிய ஊர் அது. 13ஆம் திகதியிலிருந்து 16 வரை முன்னோரை நினைவுகூரும் ஓபோன் பண்டிகை நெரிசலும் சேரும்.

எங்கள் தெரிவு டிசம்பர் முதல் மூன்று வாரம். வானம் தெளிவு, மழை குறைவு, டோக்கியோவில் பகலில் 12 பாகை அளவு, விடியற்காலையில் 3, 4. 29ஆம் திகதியிலிருந்து ஜனவரி 3 வரை பல அருங்காட்சியகங்களும் கடைகளும் பூட்டியிருப்பதால் அதற்குள் முடித்துக்கொள்வது நல்லது. தடித்த கோட் தேடிப் புறக்கோட்டையெல்லாம் அலைய வேண்டியதில்லை. விமான நிலையத்தில் இறங்கும்போது போட ஆளுக்கொரு ஸ்வெட்டரும் காலுறையும் இருந்தால் சரி. உள்ளே போடும் சூட்டு பனியனைப் பிள்ளைகளின் அளவிலேயே யுனிக்லோ கடைகளில் வாங்கலாம். கடைக்குள்ளும் ரயிலுக்குள்ளும் ஹீட்டர் போட்டிருப்பார்கள். ஒரே தடித்த உடுப்பை விடக் கழற்றி மாட்டக்கூடிய மூன்று மெல்லிய உடுப்பு வசதி.

விசா

கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு, தனி விண்ணப்பம், 45க்கு 35 மில்லிமீற்றர் புகைப்படம் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் ஆங்கில மொழிபெயர்ப்போடு, வங்கிக் கூற்று, வேலைத்தல விடுமுறைக் கடிதம், நாளுக்கு நாள் எங்கே தங்குகிறீர்கள் என்ற பயண நிரல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். தாயோ தகப்பனோ தனியே கூட்டிப்போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் கையில் இருப்பது நல்லது.

இதில் அடிக்கடி பிழைக்கும் இடம் பயண நிரல். நிரலில் நான்கு பேர், ஹோட்டல் பதிவில் 'இரண்டு பெரியவர்கள்' மட்டும் என்று இருக்கும். அல்லது திகதி ஒருநாள் தள்ளியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். விசா கைக்கு வரும்வரை டிக்கெட்டுக்கு முற்பதிவு மட்டும் போதும், காசு கட்டாதீர்கள். ஒருமுறை நுழையும் விசாவை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அதனால் அரை வருடம் முன்னதாக விண்ணப்பித்தும் பயனில்லை.

விசா வந்ததும், குடிவரவு, சுங்கப் படிவங்களை முன்பே நிரப்பும் 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் ஒரு பெற்றோரின் கணக்கிலேயே பிள்ளைகளின் விபரத்தையும் பதிந்து, வரும் கியூஆர் குறியீடுகளைப் படமாகச் சேமித்துவிடுங்கள். டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் இறங்கி வரிசையில் நின்றுகொண்டு வைஃபை தேடுவது பெரும் தொல்லை.

பெட்டிக்குள் எது வேண்டாம்

இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம். மட்டன் ரோல்ஸ், சொசேஜஸ் எல்லாம் இதில் அடங்கும். மாம்பழம், பச்சை மிளகாய், பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பெட்டி எடுக்கும் இடத்தில் மோப்ப நாய் சுற்றும். பிடிபட்டால் சட்டப்படி மூன்று வருடச் சிறை அல்லது 30 இலட்சம் யென் தண்டம் வரை போகலாம். கடையில் பொதி செய்த மிளகாய்த்தூள், பருப்புப் பொடி, ஊறுகாய் போன்றவை பிரச்சினையில்லை.

மருந்து விடயத்தில் இன்னும் கவனம். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள தடிமன் மாத்திரைகளும், கோடீன் 1 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துகளும் அங்கே முன் அனுமதியில்லாமல் தடை. வீட்டு மருந்துப் பெட்டியை அப்படியே அள்ளிப் போடாமல் ஒவ்வொரு பெட்டியிலும் உட்பொருளை வாசித்துப் பாருங்கள். டொக்டர் எழுதிய மருந்து ஒரு மாதத்துக்கு, கடையில் வாங்கும் மருந்து இரண்டு மாதத்துக்கு என்பதுதான் அனுமதியில்லாமல் கொண்டுபோகக்கூடிய அளவு.

மின்சாரம் 100 வோல்ட். செருகி இரண்டு தட்டைக் கால். நமது சதுரக் கால் பிளக் ஏறாது. போன் சார்ஜரில் '100–240' என்று போட்டிருந்தால் அடப்டர் மட்டும் போதும். 230 வோல்ட் ரைஸ் குக்கர் அங்கே சரியாகச் சூடேறாது. முட்டு இழுக்கும் பிள்ளை இருந்தால் இதை மறக்கக் கூடாது: வீட்டு நெபுலைசரும் அந்த மின்சாரத்தில் சரிவர ஓடாது. இன்ஹேலரும் ஸ்பேசரும் டொக்டரின் கடிதமும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

முதல் நாள்

ஸ்ரீலங்கன் நேரடி விமானம் கட்டுநாயக்கவிலிருந்து நரிட்டாவுக்கு இரவோடிரவாகப் போகும், எட்டு ஒன்பது மணித்தியாலம். ஜப்பான் நமக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னால். அங்கே காலை எட்டு என்றால் பிள்ளையின் உடம்புக்கு விடியற்காலை நாலரை. ஹோட்டல் அறையோ பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டிகளை வரவேற்பு மேசையில் ஒப்படைத்துவிட்டு (முன்னதாகவே வாங்கி வைப்பார்கள்) பக்கத்துப் பூங்காவுக்குப் போங்கள். நேரம் குறித்த டிக்கெட் எதையும் முதல் நாளுக்கு வாங்க வேண்டாம்.

அடுத்த நாட்களிலும் பிள்ளைகள் ஒன்பது மணிக்குத்தான் எழும்புவார்கள், இரவு பன்னிரண்டு வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஏழரையிலிருந்து ஒன்பது வரை டோக்கியோ ரயில்களில் தள்ளுவண்டியோடு ஏறவே முடியாது, ஆகவே பிந்தி எழும்புவது லாபம்தான். இரவு நேரத்தை ஷின்ஜுக்குவில் உள்ள டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 45ஆவது மாடியிலிருந்து ஊரைப் பார்க்கலாம், 202 மீற்றர் உயரம், கட்டணம் இல்லை.

ரயில்

ஆறு வயதுக்குக் கீழே இலவசம். கட்டணம் கட்டும் ஒருவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள் வரை. ஆறிலிருந்து பதினொன்று வரை அரைக் கட்டணம். ஆனால் புல்லட் ரயிலில் நான்கு வயதுப் பிள்ளைக்குத் தனி ஆசனம் பதிந்தால் அரைக் கட்டணம் வரும், மடியில் வைத்தால் இல்லை. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசோமி எனும் புல்லட் ரயிலில் இரண்டே கால் மணித்தியாலம். ஒரு பிள்ளையை மடியில் வைத்துச் சமாளிக்கலாம், இரண்டு என்றால் ஆசனம் வாங்கிவிடுங்கள்.

குறித்த நாட்களுக்கு ரயிலில் எத்தனை தடவையும் போகக்கூடிய ஜேஆர் பாஸை வாங்கச் சொல்லி இன்னும் பலர் ஆலோசனை சொல்வார்கள். 2023 ஒக்டோபரில் ஏழு நாள் பாஸ் 50,000 யென் ஆன பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. பெற்றோர் இருவர், எட்டு வயதில் ஒருவர், நான்கு வயதில் ஒருவர் என்று வையுங்கள். அந்த விலைப்படி பாஸுக்கு 125,000 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ ஒருவழி பெரியவருக்குச் சுமார் 14,000. நால்வரும் போய்வர ஏறத்தாழ 70,000. இரண்டு ஊர்ப் பயணத்துக்குப் பாஸ் நட்டம்.

மேற்கே போகும்போது வலப்பக்க 'ஈ' ஆசனம்தான் ஃபுஜி மலைப் பக்கம். டோக்கியோவை விட்டு முக்கால் மணித்தியாலம் ஆனதும் பிள்ளையை எழுப்பிவிடுங்கள், ஷின்-ஃபுஜி நிலையம் தாண்டும்போது மலை நன்றாகத் தெரியும். வருட இறுதி, கோல்டன் வீக், ஓபோன் நாட்களில் நொசோமியில் எல்லாப் பெட்டியும் முற்பதிவு என்பதால் கடைசி நேரத்தில் போய் ஆசனம் பிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம்.

சூட்கேஸை வீட்டிலேயே அளந்து பாருங்கள், சில்லும் கைப்பிடியும் சேர்த்து. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயிலில் பெட்டிக்கு இடமுள்ள ஆசனத்தை முன்பே பதிய வேண்டும். பதிவு இலவசம், பதியாமல் கொண்டு ஏறினால் 1,000 யென். 30 கிலோவுக்கென்று வாங்கிய பெரிய சூட்கேஸ்கள் சில இந்த அளவைத் தாண்டலாம். இதைவிட நல்ல வழி, கறுப்புப் பூனைச் சின்னம் போட்ட யமாட்டோ பொதி அனுப்பும் சேவை. ஹோட்டல் மேசையில் கொடுத்தால் மறுநாள் ஒசாகா ஹோட்டலில் இருக்கும், பெட்டிக்கு இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் யென் அளவு. ஓர் இரவுக்கான உடுப்பு, மருந்து, சார்ஜர் மட்டும் முதுகுப்பையில்.

நகர ரயிலுக்கு, முன்கூட்டியே காசு போட்டுப் பாவிக்கும் 'வெல்கம் சுயிக்கா' அட்டையை நரிட்டாவிலேயே எடுங்கள். பிள்ளைகளுக்கான அட்டைக்கு வயதை நிரூபிக்கக் கடவுச்சீட்டு காட்ட வேண்டும். 28 நாள் செல்லும். பெரிய நிலையங்களில் லிஃப்ட் உண்டு, ஆனால் எல்லா வாசலிலும் இல்லை. தள்ளுவண்டியோடு போகிறவர்கள் கிட்ட உள்ள வாசலைத் தேடாமல் லிஃப்ட் உள்ள வாசலைத் தேட வேண்டும். மடித்து ஒரு கையால் தூக்கக்கூடிய வண்டிதான் உதவும்.

சாப்பாடு

மரக்கறிக்காரருக்கு ஜப்பான் கஷ்டமான நாடு, அதைப் பூசி மெழுகுவதில் பயனில்லை. இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சியை மட்டும்தான் நீக்குவார்கள். மிசோ சூப், ஊடோன் நூடில்ஸ் குழம்பு, தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் மீன் கருவாட்டுச் சாறு இருக்கும், மாசி போடாத சம்பலைத் தேடி அலைவது போலத்தான். இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றையும் தனித்தனியாக ஜப்பானிய மொழியில் எழுதி போனில் வைத்துக் காட்டுங்கள். மாடு, பன்றி தவிர்ப்பவர்கள் ஜப்பானியக் கறிச் சோற்றிலும் கவனமாக இருக்க வேண்டும், குழம்புக் கட்டியிலேயே அந்தக் கொழுப்பு சேர்ந்திருப்பது வழக்கம். ராமென் சாறு பல கடைகளில் பன்றி எலும்புச் சாறு. பிள்ளைகள் கேட்கும் கம்மி இனிப்புகளில் ஜெலற்றின்.

அடுப்பும் மைக்ரோவேவும் உள்ள தங்குமிடம் எடுத்தால் பாதித் தலையிடி தீரும். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மூன்றிலும் உள்ள மிமாரு ஹோட்டல்கள் இந்த வகை, நால்வருக்கு ஒரே அறை கிடைக்கும். சாதாரண ஹோட்டலின் இரட்டைக் கட்டில் 140 சென்ரிமீற்றர் அகலமே இருக்கும். மூவர் படுக்க முடியாது. சூப்பர்மார்க்கெட்டில் 200 கிராம் வெள்ளைச் சோறு பெட்டியில் விற்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். அதோடு கொழும்பிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடியும் அங்கே வாங்கும் தயிரும் சேர்ந்தால் காரசாரம் இல்லாவிட்டாலும் பிள்ளை வயிறு நிறையச் சாப்பிடும். குளிர்காலத்தில் கடை வாசலில் சுட்ட வத்தாளைக் கிழங்கு விற்பார்கள். கையில் பிடிக்கச் சூடு, பிட்டால் தேன்போல ஒட்டும். தோசை தேடினால் டோக்கியோவின் நிஷி-கசாய், இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி. ஹலால் கடைகள் அசாகுசாப் பக்கம் உள்ளன.

பிள்ளைகளுக்கு எது பிடிக்கும்

டோக்கியோவின் உவெனோ பகுதிக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். 1882இல் தொடங்கிய மிருகக்காட்சிச்சாலையில் பெரியவருக்கு 600 யென், 12 வயது வரை இலவசம். பக்கத்து அறிவியல் அருங்காட்சியக வாசலில் முழு அளவில் நீலத் திமிங்கில உருவம் நிற்கிறது. இரண்டும் திங்களில் பூட்டு; திங்கள் பொது விடுமுறையானால் செவ்வாயில்.

டோக்கியோவின் அசாகுசாவில் சென்சோஜி கோயிலோடு திரும்பிவிடாமல் பத்து நிமிடம் நடந்து மட்சுச்சியாமா ஷோடென் கோயிலுக்குப் போங்கள். அங்குள்ள காங்கிடென் நம்முடைய பிள்ளையார்தான், ஜப்பானுக்குப் போன உருவம். மூர்த்தியைத் திறந்து காட்டுவதில்லை. படைப்பது முள்ளங்கி, கோயில் முழுக்க முள்ளங்கிச் சின்னம் தேடுவது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. குன்றேற ஒரு குட்டி இழுவை வண்டியும் உண்டு. கமாகுராவில் 11.3 மீற்றர் உயரப் பெரிய புத்தருக்குள்ளேயே 50 யென் கொடுத்து நுழையலாம். அதே வளவில் 1951 சான் பிரான்சிஸ்கோ உரைக்காக ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு நினைவுக்கல் ஒன்று நிற்கிறது.

நாராவில் மான் பிஸ்கட் வாங்கியதும் பிள்ளை அதை மறைத்து விளையாட்டுக் காட்டினால் மான் முட்டும், உடுப்பைக் கடித்து இழுக்கும். உடனே கொடுத்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். அது அடுத்த ஆளைத் தேடிப் போய்விடும்.

டோக்கியோப் பக்கமுள்ள ஜிப்லி கார்ட்டூன் பட அருங்காட்சியகத்துக்கு வாசலில் டிக்கெட் இல்லை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி ஜப்பான் நேரம் காலை பத்துக்கு அடுத்த மாத டிக்கெட் திறக்கும். கொழும்பில் அப்போது காலை ஆறரை. டிஸ்னி, யுனிவர்சல் டிக்கெட்டுகளையும் புறப்பட முன்னரே வாங்கிவிடுங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் இலங்கை சிம்முக்குத்தான் வரும், அங்கே ரோமிங் இல்லாவிட்டால் அட்டை வேலை செய்யாது. காசு எடுக்க செவன் இலெவன் கடைகளின் ஏடிஎம் வெளிநாட்டு அட்டையை ஏற்கும்.

சில்லறை விடயங்கள்

தெருவில் குப்பைத்தொட்டி கிடையாது, ஷொப்பிங் பை நான்கைந்து கொண்டு போங்கள். பம்பர்ஸில் அளவு பிள்ளையின் எடைப்படி கிலோவில் போட்டிருக்கும். மருந்துக்கடையில் பெரிய பொதிதான் இருக்கும். ஹோட்டல் முகவரியை ஜப்பானிய மொழியில் அச்சிட்ட அட்டை ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் இருக்கட்டும். காணாமல் போனால் சந்திதோறும் உள்ள கோபன் எனும் பொலிஸ் காவலறைதான் முதல் இடம். பொலிஸ் 110, அம்புலன்ஸ் 119. ஆங்கிலத்தில் உதவி கேட்க 24 மணித்தியாலமும் 050-3816-2787. பயணக் காப்புறுதி இல்லாமல் போகாதீர்கள். சுற்றுலா போகிறவர்கள் வைத்தியசாலையில் முழுச் செலவையும் தாங்களே கட்ட வேண்டும்.

திரும்பும் விமானம் காலையில் என்றால் கடைசி இரவை டோக்கியோவிலோ நரிட்டாவிலோ கழியுங்கள், அன்று காலை ஒசாகாவிலிருந்து வந்து பிடிக்க முடியாது. வெல்கம் சுயிக்காவில் மிஞ்சிய காசைத் திருப்பித் தர மாட்டார்கள். விமான நிலையக் கடையிலேயே பிஸ்கட், சொக்லேட் வாங்கி முடித்துவிடுங்கள்.