பாதி மூட்டு மாற்றியவர்கள் எங்கே தவறுகிறார்கள்

முழங்கால் தேய்ந்த எல்லோருக்கும் முழு மூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றலாம். தொடை எலும்பின் முனைக்கு ஓர் உலோகக் கவசம், கீழ்க்கால் எலும்பின் மேல் ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் வில்லை. இவை எதுவும் மூட்டை இழுத்துப் பிடிப்பதில்லை. அந்த வேலையை நோயாளியின் சொந்தத் தசைநார்களே செய்கின்றன. பாரத்தைத் தாங்குவதும் அவருடைய எலும்புதான். இது மனதில் பதியாததால்தான் பல தவறுகள் நேர்கின்றன.

“பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பாதிதான் மாற்றினார்கள், எனக்கும் அது போதும்” என்று கேட்டு வருபவர்கள் உண்டு. வெட்டு சிறியது, குணமடைவதும் விரைவு; ஆசை நியாயமானதுதான். ஆனால் மூட்டின் நடுவே இருக்கும் ஏ.சி.எல். தசைநார் அறுந்திருந்தால் ஒவ்வொரு அடிக்கும் எலும்பு முன்னும் பின்னும் வழுக்கும்; தட்டின் ஓர் ஓரத்திலேயே பாரம் விழுந்து அது தளரும். அத்தகைய காலில் தட்டு பின்பக்கமாகச் சரிந்திருக்கும் கோணம் 7 பாகையைத் தாண்டினால் ஆபத்து இன்னும் கூடும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் இந்தச் சிகிச்சை பொருந்தாது, ஏனெனில் அது மூட்டு முழுவதையும் அரிக்கும் நோய்.

அடுத்தது, வளைந்த காலை நூல் பிடித்ததுபோல் நிமிர்த்தித் தரச் சொல்வது. நல்லூர் வீதியில் சற்று நின்றாலே கால் வெளிப்புறமாக வளைந்து நடக்கும் எத்தனையோ முதியவர்களைக் காணலாம். சத்திரசிகிச்சைக்குப் பின்னும் சிறிது வளைவு மிஞ்சினால் வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். அந்த மிச்ச வளைவு பெரும்பாலும் வேண்டுமென்றே விடப்படுவது. காலை நிமிர்த்துவதற்காகத் தடித்த வில்லையைத் திணித்தால் உட்பக்கத் தசைநார் விறைத்து, பாரம் முழுவதும் வெளிப்பக்கம் சாயும். அங்கே நன்றாக இருந்த குருத்தெலும்பு தேயத் தொடங்கும். வில்லை அளவுக்கு மீறி மெல்லியதாக இருந்தாலும் சிக்கல்: தட்டோடு பூட்டாமல் அதன் மேல் அசையும் வகை வில்லை இடம் விட்டுத் துள்ளிவிடும். அதனால்தான் காலை நீட்டியும் மடக்கியும் இடைவெளியை அளந்து, ஒவ்வொரு மில்லிமீற்றராகக் கூட்டிக் குறைத்து வில்லையைத் தெரிவு செய்கிறார்கள். காலின் அழகை அல்ல, தசைநாரின் இழுவையைப் பார்த்துச் செய்யும் வேலை இது.

எக்ஸ்ரே பார்த்துப் பதறுவது இன்னொன்று. தட்டுக்குக் கீழே மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறது. உடனே படம் வட்ஸ்அப்பில் ரொறன்ரோவுக்குப் போகிறது. “கழன்றுவிட்டது” என்று அங்கிருந்து தீர்ப்பு வருகிறது. உலோகத்தை எலும்போடு பிடித்துவைக்கும் சீமெந்து வைத்துப் பொருத்திய மூட்டுகளில் சுமார் 1 மில்லிமீற்றர் அகலத்தில், வெண்ணிற ஓரத்தோடு, மாறாமல் நிற்கும் கோடு சாதாரணமாகக் காணப்படுவது. அதை மட்டும் பார்த்து மறு சத்திரசிகிச்சைக்குப் போவது வீண். அகன்றுகொண்டே போகும், ஓரம் மங்கிய கோடுதான் கவலைக்குரியது. படம் எடுத்த கோணம் சற்று மாறினாலே கோடு மறையும், தோன்றும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சீமெந்து இல்லாமல் பொருத்துவதும் உண்டு. அதில் எலும்பே வளர்ந்து உலோகத்தைப் பற்ற வேண்டும். உலோகம் ஏறத்தாழ 0.15 மில்லிமீற்றருக்கு மேல் அசைந்தால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசுதான் வளரும். ஆகவே முதல் வாரங்களில் கிணற்றடியில் குந்தி உடுப்புத் தோய்ப்பதும் தண்ணீர் வாளி தூக்குவதும் வேண்டாம். இதே காலத்தில்தான் தட்டுக்குக் கீழுள்ள எலும்பு வெடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. குறைந்துவந்த நோ திடீரென்று கூடினால் நோ எண்ணெய் போட்டு உருவக் கூடாது. முறிவு நெரிவு வைத்தியரிடம் கட்டுப் போடவும் கூடாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

கொழும்பிலோ சென்னையிலோ மாற்றிக்கொண்டு ஊர் திரும்புபவர்கள் பொருத்திய மூட்டின் விபரத்தை வாங்கி வருவதே இல்லை. ஒரு நிறுவனத்தின் தட்டில் இன்னொன்றின் வில்லை பொருந்தாது. பொருட்களின் பெட்டியில் வரும் ஸ்டிக்கர்கள் சத்திரசிகிச்சைக் குறிப்பில் ஒட்டப்பட்டிருக்கும். பெயர், அளவு, வில்லையின் தடிப்பு எல்லாம் அதில் உண்டு. அதன் பிரதி ஒன்றை கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள். முழங்கால் திடீரென்று பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் வில்லை இடம் விட்டிருக்கலாம்; அந்தப் பிரதியோடு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.