சைகை மொழி: கை சரி, முகம் எங்கே?

புதிதாகச் சைகை மொழி கற்பவர்களுடன் பயிற்சியில் உட்காரும்போதெல்லாம், தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளைப் பார்க்கிறேன். சைகை மறந்துபோவது, வேகம் வராதது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். சொல்லித் திருத்தாவிட்டால் ஊறிப்போகும் தவறுகள் வேறு. எடுத்துக்காட்டுகள் அமெரிக்கச் சைகை மொழியிலிருந்து. மற்றச் சைகை மொழிகளுக்குச் சொற்களும் இலக்கணமும் தனி.

முகத்தை இறுக்கி வைத்திருப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். முகம் உணர்ச்சி காட்டத்தான் என்று நினைத்து, கூச்சத்தில் பலர் அதை அடக்கிக்கொள்கிறார்கள். சைகை மொழியில் முகம்தான் இலக்கணம். ஆம், இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்விக்குப் புருவம் உயர வேண்டும். தலை சற்று முன்னே வர வேண்டும். யார், எங்கே, ஏன் என்று கேட்டால் புருவம் சுருங்க வேண்டும். தமிழில் ‘வருகிறாயா’ என்பதன் கடைசி ‘ஆ’ செய்கிற வேலையைப் புருவம் செய்கிறது. அது அசையாவிட்டால் நீங்கள் கேள்வியே கேட்கவில்லை.

நிபந்தனை வாக்கியமும் அப்படித்தான். ஒரு மாணவி, ‘நாளை மழை வந்தால் வகுப்பு இல்லை’ என்று சொல்ல நினைத்தார். கைகள் பிசகவில்லை. ‘மழை’ வரைக்கும் உயர்ந்து, பிறகு இறங்க வேண்டிய புருவம் மட்டும் அசையவே இல்லை. ‘நாளை மழை வரும், வகுப்பு இல்லை’ என்றே எதிரில் இருந்தவர் புரிந்துகொண்டார். மறுநாள் வகுப்பு நடந்தது, அவர் வரவில்லை.

வாயும் சேர்த்திதான். ‘தாமதம்’, ‘இன்னும் இல்லை’ இரண்டுக்கும் கை ஏறக்குறைய ஒன்றே. நாக்கு நுனி லேசாக வெளியே தெரிந்தால்தான் இரண்டாவது.

நீங்கள் சைகை செய்வதைக் காணொளியாக எடுத்து, திரையில் கைகளை மறைத்துவிட்டுப் பாருங்கள். கேள்வியா, செய்தியா என்று முகத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.

இடம் நழுவுவது

விரித்த கையின் கட்டைவிரல் நெற்றியில் பட்டால் அப்பா, மோவாயில் பட்டால் அம்மா. கை வடிவம், இடம், அசைவு என்று சைகையைப் பகுத்துக் காட்டியவர் வில்லியம் ஸ்டோகீ என்ற அமெரிக்க மொழியியலாளர், 1960இல். உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது பின்னால் சேர்ந்தது. கை அலுத்ததும் எல்லாச் சைகையையும் நெஞ்சுக்கு இறக்கிவிடுகிறார்கள். அப்புறம் சொல்லே மாறிப்போகிறது.

நட்ட ஆளை மறப்பது

பேச்சில் வரும் ஒருவரை வலப்பக்கம் சுட்டி ‘நட்டுவிட்டால்’, அந்தப் பேச்சு முடியும்வரை அவர் அங்கேதான் இருக்கிறார். ‘கொடு’ என்ற வினை அங்கிருந்து கிளம்பினால் கொடுத்தவர் அவர். அங்கே போய்ச் சேர்ந்தால் வாங்கியவர் அவர். பாதியில் பக்கத்தை மாற்றினால், யார் யாருக்குக் கொடுத்தார் என்பதே தலைகீழாகிவிடும்.

முதன்மைக் கையை மாற்றுவது

ஒரு கையால் செய்யும் சைகைகளுக்கு வழக்கமாக எந்தக் கையோ அதுதான் முதன்மைக் கை. அதை மாற்றுவது கற்கும் காலத்தில் வேண்டவே வேண்டாம்.

கையையே பார்ப்பது

உங்கள் கண், எதிரில் இருப்பவரின் முகத்தில் இருக்கட்டும். கைகள் ஓரப்பார்வையிலேயே தெரியும்.