மின்விசையில் ஏறும் செயற்கைக்கோள்: நாள் கணக்கு எங்கே பிசகுகிறது?

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 சாலையில், வான் ரீனன் கணவாய் ஏறும் லாரியின் பின்னால் மாட்டியிருக்கிறீர்களா? அந்த லாரிக்குக் காரின் நேரக் கணக்கைப் போட்டால் எப்படி இருக்கும்! ராக்கெட் நீள்வட்டப் பாதையில் விட்டுவிட்ட செயற்கைக்கோள், மின்சாரத்தால் மெல்லத் தள்ளும் த்ரஸ்டர் எஞ்சினை வைத்து உயரமான புவிநிலைப் பாதைக்கு ஏற எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கில், எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஒரு பையன் அதைத்தான் செய்திருந்தான். "115 நாளில் ஏறிவிடும், அங்கிள்" என்று எக்செல் தாளை நீட்டினான்.

செயற்கைக்கோளின் எடை 2,000 கிலோ, த்ரஸ்டரின் உந்துவிசை 0.3 நியூட்டன். அப்படியானால் ஒரு நாள் முழுக்க உந்தினாலும் வேகம் வினாடிக்கு 13 மீட்டர்தான் மாறும். இதுவரை சரி. ஆனால் தேவையான மொத்த வேக மாற்றம் வினாடிக்கு 1,500 மீட்டர் என்று எடுத்துக்கொண்டான். அது ரசாயன எஞ்சின், பாதையில் பூமிக்கு மிகத் தொலைவான சேய்மைப் புள்ளியில் சில நிமிடம் பலமாக எரிவதற்கான எண். மின் த்ரஸ்டர் சுற்று முழுவதும் தள்ளுவதால் பலன் குறைந்த இடத்திலும் விசை செலவாகிறது. அதே பாதைக்கு 2,000 மீட்டருக்கு மேலேயே ஆகும். 2,000 என்றே வைத்தாலும் 154 நாள்.

அடுத்தது நிழல். பூமியின் நிழலுக்குள் போனால் சூரியப் பலகைகளுக்கு வெயில் இல்லை; கிலோவாட் கணக்கில் தின்னும் த்ரஸ்டரைப் பேட்டரியால் ஓட்ட முடியாது. லோட்ஷெடிங்கில் வாழ்ந்த நமக்குச் சொல்லவா வேண்டும்? கரண்ட் வந்த நொடியே கெட்டில் கொதிக்காது. த்ரஸ்டரும் சூடேறி, கோளின் திசை சரியான பிறகுதான் தள்ளும். நிழல் நேரத்தை மட்டும் கழிப்பவர்கள் இந்தக் காத்திருப்பை மறந்துவிடுகிறார்கள். ராக்கெட் கிளம்பும் நாளும் மணியும் மாறினால் நிழலின் அளவே மாறும் என்பதையும்தான்.

என்னைக் கேட்டால், மோசமான தவறு கதிர்வீச்சில் இருக்கிறது. பூமியைச் சுற்றிக் கதிர்வீச்சுத் துகள்கள் நிறைந்த வான் ஆலன் பட்டைகள் இருக்கின்றன; அதில் உள் பட்டையின் புரோட்டான்கள் சூரியப் பலகையை அரிக்கும். ரசாயன எஞ்சின் உள்ள கோள் அதைச் சில தடவை கடந்து தப்பிவிடும். நம்முடையது வாரக்கணக்கில் உள்ளே போய் வரும். பலகை தேய்ந்தால் மின்சாரம் குறையும், உந்துவிசை குறையும், பயணம் நீளும், இன்னும் தேயும். வட்டிக்கு வட்டி! கோளை எப்போதும் போகும் திசையிலேயே தள்ளினால் சேய்மைதான் வேகமாக உயரும், பூமிக்கு மிக அருகான அண்மைப் புள்ளி பட்டைக்குள்ளேயே கிடக்கும். சில நாள் கூடினாலும் முதலில் அண்மையை உயர்த்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நம் தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸ் ஊரில் விண்வெளி வானிலையைக் கண்காணிக்கும் மையம் இருக்கிறது. சூரியப் புயல் காலத்தில் அந்த அறிவிப்புகளையும் பார்க்க வேண்டும்.

அப்புறம், தடங்கலுக்கு நாள் ஒதுக்காத திட்டம். ஐந்து நாள் த்ரஸ்டர் நின்றால் ஐந்து நாள் தாமதம், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். அதற்குள் கோள் வேறு இடத்தில் இருக்கும். மிச்சப் பாதையைப் புதிதாகப் போட வேண்டும்.

2015 மார்ச்சில் ஏவிய ஏபிஎஸ்-3ஏ, முழுக்க மின் உந்துவிசையால் இயங்கிய முதல் வணிகக் கோள்களில் ஒன்று. இடத்தைச் சேர அதற்குச் சுமார் ஆறு மாதம் ஆனது. மறுவாரம் பையன் கொண்டுவந்த தாளில் 181 நாள் இருந்தது.